எலும்பைக் கண்டால் முகம் திருப்பும் நாய்! கடிக்க என்ன கொடுக்கலாம்?

ஞாயிற்றுக்கிழமை காலை. முதுகுளத்தூரில் கறிக்கடை முன் கூட்டம். "அப்படியே நாய்க்கும் ரெண்டு எலும்பு போடுங்கண்ணே" என்று ஒரு குரல் கேட்கும். கடைக்காரரும் போடுவார்.

பிறகு என்ன நடக்கிறது? எலும்பு குழம்பில் வேகிறது. வீட்டார் கடித்துப் போட்டது நாயின் தட்டுக்குப் போகிறது. செல்லமாக வளர்ந்த நாய் மோந்து பார்க்கும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும். "பிகு பண்ணுது பார்" என்று வீட்டில் கோபிப்பார்கள்.

என்னைக் கேட்டால், நாயின் பக்கம்தான் நியாயம்!

வெந்த எலும்பு கடித்தால் ஊசி ஊசியாகப் பிளக்கும். தொண்டையில் குத்தும். குடலையும் கிழிக்கும். கோழி எலும்பு ரொம்ப மோசம். குழம்பில் கிடக்கும் வெங்காயமோ நாயின் ரத்தத்தையே கெடுக்கும்.

ஆனால் நாய் எதையாவது கடித்தே ஆகவேண்டும். வளர்ந்த நாய்க்குப் பற்கள் 42. குட்டிக்கு 28. சுமார் 4-வது மாதத்தில் பால் பற்கள் விழத் தொடங்கும். ஈறு குறுகுறுக்கும். கடிக்க ஒன்றும் இல்லாவிட்டால் உங்கள் செருப்பு போச்சு!

ஆட்டுக் காது

கறிக்கடையிலேயே ஆட்டுக் காது கேளுங்கள். மயிரைப் பொசுக்கி, நன்றாக வேகவைத்து, ஈ மொய்க்காமல் துணி கட்டி வெயிலில் காயவையுங்கள். முதுகுளத்தூர் வெயிலுக்குச் சொல்ல வேண்டுமா! காதில் எலும்பு இல்லை, குருத்துதான். உப்பு போடாதீர்கள். உப்புக்கண்டமும் கருவாடும் நாய்க்கு ஆகாது.

ஒன்றை மறக்கக்கூடாது. ஆட்டு ஈரலையும் நுரையீரலையும் பச்சையாக நாய்க்கு வீசாதீர்கள். அவற்றில் நீர்க்கட்டி இருக்கலாம். அதைத் தின்ற நாயின் குடலில் ஒரு வகை நாடாப்புழு வளரும். புழுவின் முட்டை நாயின் மலத்தோடு வெளிவரும். மண்ணில் விளையாடும் குழந்தையின் கை வழியாக வயிற்றுக்குள் போகும். குழந்தையின் ஈரலிலேயே கட்டி உண்டாக்கும். நாயைத் தொட்டால் கை கழுவிவிட்டுச் சாப்பிடச் சொல்லுங்கள்.

நெடுநேரம் தாங்குவது 'சுர்பி'. நேபாளம், டார்ஜிலிங் மலைமக்கள் வாயில் அடக்கிச் சுவைக்கும் பாற்கட்டி. வெண்ணெய் எடுத்த பாலைத் திரித்து, அழுத்தி, வாரக்கணக்கில் உலர்த்துகிறார்கள். அமெரிக்க நாய்களுக்கும் கப்பலேறுகிறது! விலைதான் கொஞ்சம் கடிக்கும். கிழட்டு நாய்க்கு வேண்டாம், பல் உடையும். நகத்தால் அழுத்தினால் துளியும் பதியாத எதுவும் பல்லுக்கு ஆபத்துதான். மான் கொம்பு கொடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: 1972-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி அதை வாங்கி விற்பது குற்றம்.

பிகு பண்ணும் நாயை எப்படி வழிக்குக் கொண்டுவருவது? காதை வெந்நீரில் ஒரு நிமிடம் நனையுங்கள், மணம் கிளம்பும். ஒரு முனையை நீங்கள் பிடித்துக்கொண்டு நீட்டுங்கள். கால் மணி நேரம் பாருங்கள். தொடாவிட்டால் எடுத்து வைத்துவிட்டு மறுநாள் கொடுங்கள். கடித்துக் கடித்துச் சிறிதாகிவிட்டால் பிடுங்கிவிடுங்கள். முழுசாக விழுங்கினால் அடைத்துக்கொள்ளும்.

நேற்றுவரை ஆசையாய்க் கடித்த நாய் இன்று திடீரென்று மறுத்தால், அது பிகு அல்ல. உதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறு வீங்கியிருந்தாலோ, பல் உடைந்திருந்தாலோ மாட்டாஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். ஆனால் வாய் கோணி, எச்சில் வடிந்து, குரல் மாறியிருந்தால் கிட்டப் போகாதீர்கள். வெறிநோயாக இருக்கலாம். உடனே மாட்டு டாக்டருக்குச் சொல்லியனுப்புங்கள்.