மலையைச் சுற்ற இயலாதவருக்கும் மயில் காட்சி தரும்

விடுமுறை வந்ததும் திருவண்ணாமலைக்குப் புறப்படும் குடும்பங்கள் பல. அக்குடும்பத்தில் சிகிச்சை முடிந்து தேறிவருபவர் ஒருவர் இருந்தால், பெரும்பாலும் இரண்டில் ஒன்று நேர்கிறது. மற்றவர்கள் கிரிவலம் செல்ல, அவர் விடுதி அறையில் தனித்து விடப்படுகிறார். அல்லது எல்லோருடனும் சேர்ந்து நடக்க முயன்று உடலை வருத்திக்கொள்கிறார். இவ்விரண்டும் அல்லாத மூன்றாவது வழி ஒன்றை நாங்கள் பரிந்துரைக்க விரும்புகிறோம். அது பறவை பார்த்தல். ஓடியாடுபவரைக் கண்டால் பறவைகள் விலகிப் பறக்கும். அசையாமல் அமர்ந்திருப்பவரின் அருகே அவை அஞ்சாமல் வரும். ஆகவே, நடக்க இயலாதவர் இதில் எவருக்கும் பின்தங்குவதில்லை.

திருவண்ணாமலை இதற்கு ஏற்ற ஊர். ஏறத்தாழ 800 மீட்டர் உயரமுள்ள அண்ணாமலையின் சரிவுகள் சில பத்தாண்டுகளுக்கு முன்பு பெரும்பாலும் மரமின்றிக் கிடந்தன. மேய்ச்சலும் விறகு வெட்டும் கோடைத் தீயும் முளைத்த கன்றுகளை வளரவிடவில்லை. பின்னர்த் தன்னார்வலர்கள் மண்ணுக்குரிய மரங்களை ஆண்டுதோறும் நட்டனர். கோடையில் காய்ந்த புல்லில் பற்றும் தீயையும் அணைத்துக் காத்துவருகின்றனர். இன்று சரிவுகள் பலவற்றில் இளங்காடு எழுந்துள்ளது. காட்டை நாடும் பறவைகளை மலையடிவாரத்திலேயே காண முடிகிறது.

எங்கே அமர்வது? மலையின் தென்புற அடிவாரத்தில் உள்ள ரமணாசிரமம் நல்ல தொடக்கம். 1922ஆம் ஆண்டு அன்னை அழகம்மாள் மறைந்தபின், அவரது சமாதியைச் சூழ்ந்து உருவான இடம் இது. விலங்குகளையும் பறவைகளையும் ரமணர் குடும்பத்தினரைப் போலவே நடத்தினார். 1948இல் இறந்த லட்சுமி என்னும் பசுவுக்கும், ஒரு மானுக்கும், ஒரு காகத்துக்கும், ஒரு நாய்க்கும் அங்கே சமாதிகள் உள்ளன. மயில்கள் இன்றும் மரநிழலில் உலாவுகின்றன. காலையில் அங்கே அரை மணி நேரம் அமைதியாக அமர்ந்தால் அணில், மயில், தவிட்டுக்குருவிக் கூட்டம் ஆகியவற்றை எழுந்து செல்லாமலேயே காணலாம். மழைக்காலத்துக்குப் பின் ஏரிகளில் நீர் நின்றால், கொக்கு, மடையான், நீர்க்காகம் ஆகியவற்றைக் காரில் இருந்தபடியே பார்க்கலாம்.

பறவையின் பெயர் தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம். மூன்று கேள்விகள் போதும். சிட்டுக்குருவி, மைனா, காகம் ஆகிய மூன்றில் எதன் அளவுக்கு அது உள்ளது? வால் எப்படி இருக்கிறது? குரல் எப்படி ஒலிக்கிறது? வால் இரண்டாகப் பிளந்து உடல் முழுதும் கறுத்திருந்தால் அது கரிச்சான். செம்பழுப்புச் சிறகும் கரிய உடலும் சிவந்த கண்ணுமாகத் தரையில் நடப்பது செண்பகம். செம்பைத் தட்டுவதுபோல் விடாமல் ஒலித்தால் அது குக்குறுவான். பார்வை மங்கியவர்கள் குரலைக் கொண்டே பல பறவைகளை அறியலாம்.

குளிர்காலத்தில் செல்பவர்கள் ஆறுமணிக்குருவியைத் தேடலாம். பச்சை முதுகும் நீலத் தோளும் வயிற்றடியில் சிவப்பும் கொண்ட இப்பறவை, வடக்கிலும் நடு இந்தியாவிலும் கூடுகட்டிவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்கத் தெற்கே வருகிறது. விடியலிலும் அந்தியிலும் குரல் கொடுப்பதால் அதற்கு இப்பெயர். பகலில் புதரடியில் சருகைக் கிளறி இரைதேடும் என்பதால், பொறுமையாக அமர்ந்திருப்பவர் கண்ணிலேயே அது படும்.

இயற்கைக் காட்சி நோயாளிக்கு உதவுமா என்பதை மருத்துவ உலகமும் ஆராய்ந்திருக்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பித்தப்பை அறுவை செய்துகொண்டோரைப் பற்றி ரோஜர் உல்ரிச் என்பவர் 1984இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். சன்னல் வழியே மரங்களைக் கண்ட 23 பேரையும், செங்கற்சுவரை மட்டும் கண்ட 23 பேரையும் அவர் ஒப்பிட்டார். மரங்களைக் கண்டவர்கள் சற்று முன்னதாக வீடு திரும்பினர்; வலுவான வலிநிவாரணிகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. இது சிறிய ஆய்வு. மருந்துக்கு மாற்றாக எதையும் இது கூறவில்லை. எனினும், கண்ணுக்குப் பசுமை கிடைப்பது வீண் பொழுதுபோக்கு அன்று என்பதை உணர்த்துகிறது.

சில எச்சரிக்கைகளைக் கட்டாயம் மனத்திற்கொள்ள வேண்டுகிறோம்.

கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர் நீளமுடையது. வெறுங்காலுடன் நடப்பது மரபு. நீரிழிவால் பாத உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சூடும் கொப்புளமும் தெரியாமலேயே புண்ணாகிவிடும். அவர்கள் வெறுங்காலுடன் நடத்தல் கூடாது. ஆட்டோவிலோ காரிலோ மலையை வலம்வரலாம்.

பௌர்ணமி நாள்களிலும் கார்த்திகை தீபத்தின்போதும் கூட்டம் மிகுதி. தேறிவருபவருடன் செல்வோர் வேறு நாள்களைத் தேர்ந்தெடுங்கள். காலை 6 முதல் 8 மணிவரை வெயிலும் குறைவு, பறவைகளும் மிகுதி.

குரங்குகளுக்கு உணவளிக்க வேண்டாம். உணவுப் பையைக் கையில் தொங்கவிடவும் வேண்டாம். கடித்தாலோ கீறினாலோ காயத்தை உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, வெறிநோய்த் தடுப்பூசிக்காக அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கீமோதெரபி பெறுவோரும் உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றோரும் புறாக்கள் அடையும் மண்டபங்களைத் தவிர்க்க வேண்டும். அவற்றின் எச்சத்திலிருந்து பூஞ்சைத் தொற்று வரக்கூடும்.

மருந்துகளையும், நீரிழிவு உள்ளவர்கள் சர்க்கரையோ மிட்டாயோ, கைப்பையிலேயே வைத்திருங்கள். இதய, சிறுநீரக நோயாளிகள் மருத்துவர் குறித்த அளவுக்கே நீர் அருந்த வேண்டும்.

பறவைக் குறிப்பேட்டை நோயாளியின் கையில் கொடுங்கள். குழந்தைகள் ஓடிச் சென்று பார்த்ததை வந்து சொல்லட்டும்; தாத்தாவோ பாட்டியோ, அம்மாவோ அதைக் கேட்டு எழுதட்டும். ஊரில் வழங்கிய பழைய பறவைப் பெயர்கள் அவர்களுக்கே தெரியும். பல மாதங்களாகப் பிறரிடம் உதவி பெற்றே வந்தவர், அந்தக் காலைப்பொழுதில் வீட்டாருக்குக் கற்றுத் தருபவராகிறார். உடனிருந்து பார்த்துக்கொள்பவருக்கும் மாத்திரையும் பரிசோதனையும் அல்லாத வேறொன்றைப் பற்றி அவருடன் பேச வாய்க்கிறது.

பயணத்தை முடிவு செய்யுமுன், எவ்வளவு நேரம் வெளியில் அமரலாம் என்பதை அடுத்த பரிசோதனையின்போது உங்கள் மருத்துவரிடம் கேட்டறியுங்கள். அதுவரை, படுக்கையருகே உள்ள சன்னலிலிருந்தே குறிப்பேட்டைத் தொடங்கலாம்.