அனுப்பாத தந்தி

வீட்டில் பெரியவர் காலமாகி மூன்று மாதம் ஆகியிருக்கிறது. அந்த வீட்டுப் பிள்ளைக்கு விவாகமாகி ஒரு வருஷம்கூட நிறையவில்லை. மரணத்துக்கு முன்பே ஏற்பாடு செய்துவிட்ட கொடைக்கானல் பிரயாணத்துக்குத் தம்பதிகள் புறப்படலாமா, கூடாதா? ஸ்ரீமுஷ்ணம் போன்ற ஊர்களில் இந்தக் கேள்வி வீட்டுக்குள் அடங்கிக் கிடப்பதில்லை. "அப்பா போய் முழுசாக மூன்று மாதம் ஆகவில்லை, அதற்குள் உல்லாசப் பிரயாணமா?" என்பார் ஒருவர். "சின்னஞ்சிறுசுகள், மனசு கொஞ்சம் ஆறட்டுமே" என்பார் மற்றொருவர். இளந் தம்பதிகளுக்கோ இரு பக்கமும் முள். போனால் தகப்பனாரை மறந்துவிட்டதாக உறுத்தும். போகாமலிருந்தால் மனைவியின் முகத்தை ஏறிட்டுப் பார்க்கச் சங்கடமாயிருக்கும்.

இதற்கு ஒரு விடை நம் தேச சரித்திரத்திலேயே இருக்கிறது.

1931-ஆம் வருஷம் ஜனவரி 26-ஆம் தேதி ஜவாஹர்லால் நேரு நைனி சிறையிலிருந்து விடுதலையானார். தந்தை மோதிலால் நேருவின் உடல்நிலை அப்போது மிகவும் மோசமாயிருந்தது. பதினொரு நாட்களில், பிப்ரவரி 6-ஆம் தேதி, லட்சுமணபுரியில் மோதிலால் காலமானார். மகனுக்கு அழுவதற்கும் அவகாசமில்லை. மார்ச்சு 5-ஆம் தேதி காந்தி-இர்வின் ஒப்பந்தம் ஏற்பட்டது. மாதக் கடைசியில் கராச்சியில் காங்கிரஸ் மகாசபை கூடிற்று. பிறகு அவருடைய தேகம் தளர்ந்துவிட்டது. ஓய்வு வேண்டுமென்று வைத்தியர்கள் சொன்னார்கள். மனைவி கமலாவையும், பதின்மூன்று வயது இந்திராவையும் அழைத்துக்கொண்டு அவர் இலங்கைக்குப் புறப்பட்டார்.

ஜவாஹர்லாலுக்கும் கமலாவுக்கும் 1916-இல் விவாகமாயிற்று. அதற்கடுத்த பதினைந்து வருஷங்களில் பொதுவாழ்வும் சிறைவாசமும் போக மனைவிக்கு அவர் கொடுத்த நேரம் அற்பம். 1924-இல் பிறந்த ஆண் குழந்தை சில நாட்களுக்குள் இறந்தது. கமலாவைப் பிணியும் பிடித்துக்கொண்டது. ஆகையால் இலங்கையில் அவர்கள் கழித்த அந்த ஒரு மாதமே, தாமதித்து வந்த தேனிலவு என்று சொல்லத் தகும். அங்கே தாங்கள் ஒருவரையொருவர் புதிதாகக் கண்டுகொண்டதாகப் பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார்.

துக்கம் அந்த மாதத்தில் எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை, கூடவே வந்தது. நுவரெலியா மலையில் அமைதியாக இருந்த ஒரு நாள் அவர் மனத்தில் சட்டென்று ஓர் எண்ணம் எழுந்தது. இந்தக் குளிர்ச்சி அப்பாவுக்கு ஒத்துக்கொள்ளுமே, அவரும் களைத்திருப்பாரே, இங்கே வரச் சொன்னால் என்ன? அலகாபாத்துக்குத் தந்தி கொடுக்கும் தறுவாய்க்கே வந்துவிட்டாராம்! தந்தை மறைந்து அப்போது மூன்று மாதம் ஆகியிருந்தது. இதைத் தம் சுயசரிதையில் அவர் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

கவனியுங்கள்: மனம் நைந்திருந்த நேரத்தில் அந்த எண்ணம் வரவில்லை. மனம் இளகி, சற்று இன்பமாயிருந்த நேரத்தில்தான் வந்தது. நல்ல இடத்தைக் கண்டதும், அதை அனுபவிக்க வேண்டியவரின் நினைவு வந்தது. இது மறதியா? அன்பு வேறு எப்படி இருக்கும்?

தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் பல மைல் நடந்து வந்து காட்டுப் பூக்களும் காய்கறிகளும் வீட்டில் கடைந்த வெண்ணெயும் கொடுத்தார்கள். பெரும்பாலும் பேச்சுக்குப் பொதுவான பாஷை இல்லை. ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகை செய்ததோடு சரி. அநுராதபுரத்தில் கண்ட புத்தர் சிலை அவர் மனத்தைக் கவர்ந்தது. மறு வருஷம் டேராடூன் சிறையில் அதன் படம் அவருக்குத் துணையாயிருந்தது.

கன்னியாகுமரி, திருவிதாங்கூர், மைசூர் வழியாக ஊர் திரும்பியபின் ஒரு நாள் தபாலில் ஒரு கடிதம் வந்தது. உறையின்மேல் தந்தையின் கையெழுத்து! 1926-இல் மகனும் மருமகளும் ஐரோப்பாவுக்குக் கப்பலேறியபோது அவர் எழுதிய விடைகொடுக்கும் கடிதம் அது. ஐந்து வருஷத்துக்கு மேல் எங்கெங்கோ சுற்றிவிட்டு வந்து சேர்ந்தது. துக்கத்துக்குக் காலக்கெடு வைக்கிறவர்கள் இந்தக் கடிதத்தை நினைத்துக்கொள்ள வேண்டும். மூன்று மாதத்திலும் வரும். முப்பது வருஷத்திலும் வரும். வரும்போது வரவேற்பதுதான் வழி.

நெதர்லாந்தில் மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஸ்கூட் என்ற இரு மனோதத்துவ அறிஞர்கள் 1999-இல் ஒரு கருத்தை வெளியிட்டார்கள். துயருற்ற மனம் ஊசல்போல் ஆடுகிறதாம். ஒரு சமயம் இழப்பின் பக்கம் போகும். மறு சமயம் வாழ்க்கையின் பக்கம் வரும். இவ்விதம் போய் வருவதே துயரைத் தாங்கும் வழி. ஒரே பக்கத்தில் நின்றுவிடுவதுதான் ஆபத்து.

எங்கள் ஊர் பூவராகப் பெருமாள் மாசி மகத்தன்று கிள்ளைக் கடற்கரையில் தீர்த்தவாரி காண்கிறார். வழியில் முஸ்லிம் அன்பர்களும் அவரை வரவேற்று மரியாதை செய்கிறார்கள். அந்த உற்சவத் திரளில் பிதிருக்களுக்கு எள்ளும் நீரும் இறைப்பவர்களைக் காணலாம். பக்கத்திலேயே அலையில் கால் நனைத்துச் சிரிக்கும் புதுமணத் தம்பதிகளையும் காணலாம். ஒருவரை ஒருவர் கோபித்துக்கொள்வதில்லை. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி அந்தக் கரையோரத்தில் ஆழிப்பேரலை எத்தனையோ உயிர்களைக் கொண்டுபோயிற்று. அதன் பிறகும் ஜனங்கள் அதே கடலில்தான் நீராடுகிறார்கள்.

பிரயாணம் போகும் இளந் தம்பதிகளுக்கு ஒரு வார்த்தை. கண்ணீர் வந்தால் மறைக்காதீர்கள். சிரிப்பு வந்தால் அதையும் அடக்காதீர்கள். துணைவர் பேசாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தால், தம்மேல் பிரியமில்லை என்று அர்த்தம் செய்துகொள்ள வேண்டாம், "அப்பா நினைவா?" என்று கேட்டாலே போதும். போனவரைப் பற்றி ஒரு கதையாவது அந்த மலையில் உட்கார்ந்து பேசுங்கள்.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. கமலா நேரு 1936 பிப்ரவரி 28-ஆம் தேதி லோஸான் நகரில் காலமானார். இலங்கையில் கழித்த மாதத்துக்கும் அந்த நாளுக்கும் நடுவே ஐந்து வருஷங்கூட இல்லை. அதிலும் பல மாதங்களைக் கணவரின் சிறைவாசம் எடுத்துக்கொண்டது. துக்கம் கழியட்டும் என்று 1931-இல் அவர்கள் காத்திருந்தால், அந்த ஒரு மாதம் பிறகு கிடைத்திருக்குமா? ஆகவே வாசற்படியில் நிற்கும் பிள்ளைகளிடம் மாதக் கணக்குச் சொல்லாதீர்கள். நம் வழக்கப்படி, "போய்விட்டு வாருங்கள்" என்று சொல்லி அனுப்புங்கள்.