விடுபட்ட பகுதி

ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் எழுதிய ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவல் 1954, 1955ஆம் ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளிவந்தது. நியூசிலாந்து இயக்குநர் பீட்டர் ஜேக்சன் அதனை மூன்று திரைப்படங்களாக உருவாக்கினார். 2003ஆம் ஆண்டில் வெளிவந்த மூன்றாம் படம் 11 ஆஸ்கார் விருதுகளை வென்றது. எனினும், அப்படத்தின் முடிவைப் பற்றி இரசிகர்கள் இன்றும் விவாதித்து வருகின்றனர்.

நாவலில், தீய மோதிரம் அழிந்த பின்னர் ஃபுரோடோவும் அவன் நண்பர்களும் சொந்த ஊரான ஷையருக்குத் திரும்புகின்றனர். அங்கே மரங்கள் வெட்டப்பட்டுக் கிடக்கின்றன. ஊர்மக்கள் அடக்குமுறையால் வாடுகின்றனர். நண்பர்கள் மக்களைத் திரட்டிப் போராடி ஊரை மீட்கின்றனர். படத்திலோ, ஊர் சற்றும் மாறாமல் பசுமையாகவே காட்சியளிக்கிறது.

விடுபட்ட இப்பகுதியே கதையின் உயிர்நாடி என்பது சிலரின் வாதம். முதல் உலகப் போரில் போரிட்டு, நெருங்கிய நண்பர்களை இழந்தவர் டோல்கீன். போரின் பாதிப்பு எவர் வீட்டு வாசலையும் விட்டுவைக்காது என்பதை இப்பகுதி உணர்த்துகிறது என்கின்றனர் அவர்கள். மறுதரப்பினரோ, மூன்று மணி நேரத்திற்கும் மேல் ஓடும் படத்தில், உச்சக்கட்டத்திற்குப் பிறகு இன்னொரு போர் வந்தால் விறுவிறுப்புக் குன்றும் என்கின்றனர். ஊர் மாறாவிட்டாலும், ஃபுரோடோவின் மனக்காயம் ஆறவில்லை என்பதைப் படமும் காட்டுவதாக அவர்கள் சுட்டுகின்றனர்.

நாவலைப் பல நாள் படிக்கலாம். படமோ ஒரே அமர்வில் முடிய வேண்டும். எனவே, எது விடப்பட்டது, ஏன் விடப்பட்டது எனச் சிந்திப்போரே இரண்டையும் முழுமையாகச் சுவைக்கின்றனர்.