வைக்கோற்பொதிக் கட்டுமானம்

வைக்கோற்பொதிக் கட்டுமானம் என்பது இறுக்கிக் கட்டிய வைக்கோற் பொதிகளைச் செங்கற்களைப் போல அடுக்கிச் சுவர் எழுப்பி, இருபுறமும் சாந்து பூசிக் கட்டிடம் அமைக்கும் முறை ஆகும். சிறு பண்ணைகளில் உரிமையாளர்கள் தாமே வீடு, களஞ்சியம் முதலியவற்றைக் கட்டிக்கொள்ள இம்முறை ஏற்றது. அறுவடைக்குப் பின் எஞ்சும் பொருளே இதில் கட்டிடப் பொருளாகிறது.

வரலாறு

இம்முறை ஐக்கிய அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றியது. பொதி கட்டும் இயந்திரங்கள் அக்காலத்தில் பயன்பாட்டுக்கு வந்திருந்தன. அங்குள்ள மணற்குன்றுப் பகுதியில் மரங்கள் அரிது. மணல் கலந்த மண் உதிர்ந்துவிடுவதால் மண்கட்டி வீடுகளும் நிலைக்கவில்லை. எனவே குடியேறிகள் புற்பொதிகளையும் வைக்கோற் பொதிகளையும் கொண்டு வீடு கட்டினர். தொடக்ககாலப் பள்ளிக்கூடம் ஒன்று, சாந்து பூசப்படாததால் மாடுகளால் தின்னப்பட்டதாகக் கூறப்படுகிறது. ஆர்தர் என்னும் ஊரில் 1928 இல் கட்டப்பட்ட தேவாலயம் இன்றும் நிற்கிறது. பின்னர் வழக்கொழிந்த இம்முறை, 1980களில் மீண்டும் கவனம் பெற்றது.

வகைகள்

பொதிச்சுவரே கூரையைத் தாங்குவது ஒரு வகை; இது நெப்ராஸ்கா முறை எனப்படும். இதில் கூரையின் பாரத்தால் பொதிகள் அமிழ்ந்து நிலைகொள்ளும்வரை பொறுத்திருந்தே சாந்து பூச வேண்டும். இல்லையேல் பூச்சு வெடிக்கும். மரச்சட்டகம் கூரையைத் தாங்க, பொதிகள் இடைவெளிகளை மட்டும் நிரப்புவது மற்றொரு வகை. இதில் கூரையை முதலில் அமைத்து, அதன் கீழ் பொதிகளை நனையாமல் அடுக்கலாம்.

ஈரமும் பாதுகாப்பும்

இக்கட்டிடங்களின் முதன்மையான பகை ஈரம். ஈரப்பதம் ஏறத்தாழ 20 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தால் பூஞ்சணம் பிடித்து வைக்கோல் அழுகத் தொடங்கும். பூச்சு மூடியிருப்பதால் கேடு வெளியே தெரிவதற்குள் சுவரின் உட்பகுதி வலுவிழந்துவிடக்கூடும். ஆகவே பின்வருவன கவனிக்கப்படுகின்றன:

* பொதிகளைத் தரையில் வைக்காமல், உயர்த்திய அத்திவாரத்தின் மீது அடுக்குதல்
* கூரையின் இறவாரத்தைச் சுவருக்கு வெளியே நன்கு நீட்டுதல்
* சாளரங்களின் அடிப்பகுதியில் நீர் உட்புகாது தடுத்தல்
* களிமண் அல்லது சுண்ணாம்புச் சாந்து பூசுதல்

களிமண், சுண்ணாம்புப் பூச்சுகள் நீராவியை வெளிச்செல்ல விடுகின்றன. அடர்ந்த சிமெந்துப் பூச்சு விரிசல் வழியே புகுந்த நீரை உள்ளேயே அடைத்துவிடுகிறது.

நன்மைகளும் வரையறைகளும்

ஏறத்தாழ 45 சென்ரிமீற்றர் தடித்த சுவர், குளிரையும் வெப்பத்தையும் நன்கு தடுப்பதால் எரிபொருட் செலவு குறைகிறது. இறுகிய பொதியினுள் காற்று குறைவாதலால், சாந்து பூசிய சுவர் எளிதில் தீப்பற்றாது. ஆனால் கட்டுமானத்தின்போது சிதறிக் கிடக்கும் வைக்கோல் உடனே தீப்பிடிக்கும். அதனை நாள்தோறும் அகற்ற வேண்டும். சுவரின் தடிப்பு கூடுதலான இடத்தை எடுத்துக்கொள்கிறது. நீண்ட மழைக்காலமும் ஈரக்காற்றும் உள்ள இடங்களில் இம்முறைக்கு மிகுந்த கவனம் தேவை.