பழைய தொட்டிலுக்குச் சேலை விரிப்பு

பழைய சாமான் கடையில் மரத் தொட்டில் மலிவாகக் கிடைக்கும். நல்ல துணி போட்டால் புதிது போல ஆகிவிடும். ஆனால் துணியை எடுக்கும் முன் தொட்டிலைத் தடவிப் பாருங்கள்.

பெயின்ட் உரிகிறதா? அந்தத் தொட்டில் வேண்டாம். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். ஈயம் நஞ்சு. பல் முளைக்கும் குழந்தை கட்டையைக் கடிக்கும். ஈயம் வயிற்றுக்குள் போனால் மூளை வளர்ச்சி கெடும். மேலே துணி சுற்றினாலும் ஆபத்து போகாது. வீட்டுப் பெயின்டில் ஈயத்துக்குக் கடுமையான அளவு வைத்த விதி நம் நாட்டில் 2016-இல்தான் வந்தது.

கட்டை நன்றாக இருந்தால் கவலை இல்லை. பழைய பருத்திச் சேலை ஒன்று எடுங்கள். பழசுதான் மிருதுவாக இருக்கும். சாயமும் ஒட்டாது. ஜரிகைக் கரையை வெட்டிவிடுங்கள், குத்தும்.

வங்காளத்துப் பெண்கள் பழைய சேலைகளை அடுக்கி, ஓட்டுத் தையல் போட்டுக் காந்தா செய்வார்கள். பிறந்த குழந்தையை அதில் சுற்றுவார்கள். அதே மாதிரி மூன்று அடுக்கு வைத்துத் தையுங்கள். அடிப்பலகைக்குச் சரியான அளவில் இருக்கட்டும். நாலு மூலையிலும் நாடா தைத்து, பலகைக்கு அடியில் கட்டுங்கள்.

பக்கங்களில் மெத்தென்று துணி கட்டலாமா? என் அக்கா கட்டினாள். பார்க்க அழகுதான். ஆனால் குழந்தை புரண்டு அதில் முகம் புதைத்தால் மூச்சு முட்டும். அவிழ்த்துவிட்டோம். தலையணையும் வேண்டாம்.

இரண்டு விரிப்பு தைத்து வையுங்கள். ஒன்று நனைந்தால் இன்னொன்று.