சக்கையா, கழிவா? – காப்பிச் சக்கையும் மேனிப் பராமரிப்பும்



ஜார்ஜ் டவுன் நகரின் பழைய காப்பிக்கடை ஒன்றில் காலைவேளையில் சற்றே நின்று பாருங்கள். நீண்ட துணிப்பையில் காப்பித்தூளை இட்டுக் கொதிநீரை ஊற்றுவர். கருஞ்சாறு கீழே இறங்கும். பையில் எஞ்சுவதை மலாய்மொழி ‘ஹம்பாஸ் கோப்பி’ என்கிறது. நாமோ கட்டுரை எழுதும்போது ‘காப்பிக் கழிவு’ என்று எழுதிவிடுகிறோம். உலகின் சில நகரங்களில் அதே பொருள் இன்று மேனிப் பூச்சுகளுக்கு மூலப்பொருளாகியுள்ளது. எனவே, இச்சொல்லாட்சி பொருந்துமா என்று ஆராய வேண்டியுள்ளது.

‘ஹம்பாஸ்’ என்பது சாறோ பாலோ பிழிந்தபின் எஞ்சுவதைக் குறிக்கும். கரும்புக்கும் தேங்காய்க்கும் மலாயில் அச்சொல்லே வழங்குகிறது. அதற்கு நேரான தமிழ்ச்சொல் ‘சக்கை’. நீர்மத்தின் அடியில் படிவது ‘மண்டி’. எண்ணெய் ஆட்டியபின் எஞ்சுவது ‘பிண்ணாக்கு’. எஞ்சியவை ஒவ்வொன்றுக்கும் தனிப்பயன் இருந்தமையால் தனிப்பெயரும் நிலைத்தது. சான்றாக, எண்ணெய் தேய்த்துக் குளிப்போர் பிசுக்கைப் போக்க இலுப்பைப் பிண்ணாக்கைத் தூளாக்கிப் பயன்படுத்தினர். அதிலுள்ள சப்போனின் என்னும் பொருள் நுரைத்து அழுக்கை நீக்கும். ஆகவே, எஞ்சியதைக் கொண்டு மேனியைப் பேணுவது நமக்குப் புதிதன்று.

காப்பிச் சக்கையில் அப்படி என்னதான் எஞ்சுகிறது? வடிக்கும்போது தூளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே நீரில் கரைகிறது. எண்ணெய் நீரில் கரையாதாதலின் பெரும்பகுதி சக்கையிலேயே தங்கிவிடுகிறது. சக்கையின் உலர் எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை எண்ணெய் இருக்கக்கூடும். அதிலுள்ள லினோலியிக், பால்மிட்டிக் கொழுப்பு அமிலங்கள் தோலின் ஈரப்பதத்தைக் காக்கும் பூச்சுகளுக்கு ஏற்றவை. காஃபீனும் குளோரோஜெனிக் அமிலமும் ஓரளவு எஞ்சியிருக்கும்.

2016இல் கோப்பன்ஹேகனில் தொடங்கப்பெற்ற ‘காஃபே புவேனோ’ நிறுவனம் இவ்வெண்ணெயைப் பிரித்தெடுத்து ஒப்பனைப் பொருள் செய்வோருக்கு வழங்கியது. அதே ஆண்டில் லண்டனில் ‘ஆப்டியாட்’ என்னும் பெயரில் தொடங்கிப் பின்னர் ‘அப்சர்க்கிள்’ எனப் பெயர் மாறிய நிறுவனம், காப்பிக்கடைகளின் சக்கையைத் திரட்டித் தோல் தேய்க்கும் கலவை செய்கிறது. முன்னர் இத்தகைய கலவைகளில் நெகிழி நுண்மணிகள் இடம்பெற்றிருந்தன. அவை கடலைச் சென்றடைவதால் அமெரிக்கா 2015இல் அவற்றைத் தடுக்கச் சட்டம் இயற்றியது. பிரிட்டனில் 2018இல் தடை நடைமுறைக்கு வந்தது. அந்த நுண்மணிகளுக்கு மாற்றாகப் பயன்படும் பொருள்களுள் காப்பிச் சக்கையும் ஒன்று.

செய்முறையில் முதன்மையானது உலர்த்துதல். ஈரச் சக்கையின் எடையில் பாதிக்குமேல் நீராக இருக்கக்கூடும். அப்படியே வைத்தால் விரைவில் பூஞ்சை பிடிக்கும். வடித்த அன்றே தட்டில் மெல்லிதாகப் பரப்பி முற்றும் உலர்த்தவேண்டும். பினாங்கின் ஈரக்காற்றில் வெயிலை மட்டும் நம்பாமல் அடுமனை அடுப்பின் இளஞ்சூட்டில் உலர்த்துவது நன்று. நம்மூர்க் காப்பிக்கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்து வறுக்கும் வழக்கம் உண்டு. அச்சக்கையும் கலப்பின்றி வறுத்த கொட்டையின் சக்கையும் ஒன்றல்ல. பின்னதே இதற்கு ஏற்றது. உலர்ந்த சக்கையைச் சலித்து, அன்றன்றைக்கு வேண்டிய அளவு மட்டும் தேங்காயெண்ணெயில் குழைத்துக் கை கால்களில் மெல்லத் தேய்க்கலாம்.

இங்கே இன்னொரு சொல்லையும் எச்சரிக்கையுடன் ஆளவேண்டும். ‘இயற்கை’ என்பதாலேயே ஒன்று தீங்கற்றதாகிவிடாது. சக்கைத் துகளின் ஓரங்கள் ஒழுங்கற்றவை. முகத்திலோ பரு, புண் உள்ள இடத்திலோ தேய்த்தால் தோல் கீறும். அதனால் தோல்நோய் தீரும் என்று சொல்வதும் தகாது. மலேசியாவில் ஒப்பனைப் பொருளை விற்க விரும்புவோர் அதற்குமுன் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையிடம் அப்பொருளை முறைப்படி அறிவிக்கவேண்டும். வீட்டுப் பயன்பாடு வேறு, விற்பனை வேறு.

‘கழிவு’ என்னும் சொல் பொருளின் பயனை மறைக்கிறது. ‘இயற்கை’ என்னும் சொல் அதன் குறையை மறைக்கிறது. ‘சக்கை’ என்பதோ உள்ளதை உள்ளவாறு சொல்கிறது: சாறு போயிற்று, மற்றவை எஞ்சியுள்ளன. அறிவியல் பாடத்தை மொழிபெயர்க்கும் ஆசிரியர்கள் இவ்வேறுபாட்டை வகுப்பில் எடுத்துக்காட்டலாம். உமி, தவிடு, மண்டி, கழுநீர் போன்ற சொற்களை வீட்டுப் பெரியோரிடம் கேட்டுத் தொகுத்து, ஒவ்வொன்றும் முன்பு எதற்குப் பயன்பட்டது என்று எழுதிவருமாறு மாணவரைப் பணிக்கலாம். அப்பட்டியலில் காப்பிச் சக்கையும் இனி இடம்பெறட்டும்.