மோட்டார் சைக்கிளும் எரிசாராயமும்

செவ்வாய்க்கிழமை தோறும் மேலப்பாளையத்தில் கூடும் மாட்டுச் சந்தைக்குச் செல்லுகிறவர்கள் ஒரு மாறுதலைக் கண்டிருப்பார்கள். முன்பு வியாபாரிகள் வண்டி கட்டிக்கொண்டு வந்த இடத்தில் இன்று மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நிற்கின்றன. பீடிக் கம்பெனிக்குக் கட்டு கொண்டுபோகிறவருக்கும், துணி மூட்டையைப் பின்னால் வைத்துக்கொண்டு கிராமம் கிராமமாகச் செல்லும் சில்லறை வியாபாரிக்கும், பாளையங்கோட்டைக்கு வேலைக்குப் போகும் குமாஸ்தாவுக்கும் அதுவே வாகனம். ஆகவே அந்த வாகனத்தின் டாங்கியில் எதை ஊற்றுவது என்பது தனவந்தர்களின் பொழுதுபோக்கைப் பற்றிய கேள்வியன்று. எளியவர்களின் அன்றாடப் பிழைப்பைப் பற்றிய கேள்வி.

நமது தேசம் தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 100-க்கு 85 பங்குக்கு மேல் அந்நிய நாடுகளிலிருந்து வாங்குகிறது. அப்படிப் போகும் பணத்தில் ஒரு பகுதியாவது நம் விவசாயிக்குக் கிடைக்கட்டும் என்ற நோக்கத்துடன், பெட்ரோலில் எத்தனால் என்னும் எரிசாராயத்தைக் கலக்கும் திட்டம் 2003-ம் வருஷத்தில் 100-க்கு 5 பங்கு என்று ஆரம்பமாயிற்று. 2022-ல் அது 10 பங்காயிற்று. 2030-க்கென்று முதலில் குறித்திருந்த 20 பங்கை 2025-லேயே எட்டிவிட்டார்கள். அதற்கும் மேற்பட்ட படி, 85 பங்கும் அதற்கு அதிகமும் எரிசாராயமாகவே உள்ள எரிபொருள். 2024 மார்ச்சில் இத்தகைய எரிபொருளை 183 பெட்ரோல் பங்க்குகளில் விற்பதற்கு மத்திய சர்க்கார் ஏற்பாடு செய்தபோது, தமிழ்நாடும் அந்தப் பட்டியலில் இடம் பெற்றது.

இந்த யோசனை புதிதன்று. தேசம் சுதந்திரமடைந்த மறு வருஷமே, 1948-ல், மோட்டார்களுக்கான எரிசாராயத்தைப் பற்றி நம் சட்டசபை ஒரு சட்டம் செய்தது. அதற்கும் முன்னால், இரண்டாவது உலக யுத்தத்தில் பெட்ரோல் பஞ்சம் ஏற்பட்ட காலத்தில், மரக்கரியிலிருந்து வாயு உண்டாக்கி மோட்டார்களை ஓட்டும் சாதனத்தைச் செய்து காட்டியவர் டி.வி. சுந்தரம் ஐயங்கார். அவர் 1877-ல் இதே திருநெல்வேலிச் சீமையின் திருக்குறுங்குடியில் பிறந்தவர். அவர் பெயரால் விளங்கும் ஓசூர்க் கம்பெனி 2019 ஜூலையில், முழுதும் எரிசாராயத்தில் ஓடக்கூடிய 200 சி.சி. அப்பாச்சி மோட்டார் சைக்கிளை வெளியிட்டது. விலை ரூ. 1,20,000. ஆனால் மகாராஷ்டிரம், உத்தரப் பிரதேசம், கர்நாடகம் ஆகிய மூன்று ராஜ்யங்களையே முதல் விற்பனைக்குத் தேர்ந்தெடுத்தார்கள். தமிழ்நாட்டுத் தொழிலாளி செய்த யந்திரத்துக்குத் தமிழ்நாட்டில் இடமில்லை! 2024 அக்டோபரில் ஹோண்டாவும், 2025 ஜனவரியில் சுஸுகியும், 85 பங்கு வரை எரிசாராயம் ஏற்கும் மோட்டார் சைக்கிள்களை வெளியிட்டன. அவை 250, 300 சி.சி. வகையைச் சேர்ந்தவை. நாம் மேலே சொன்ன பீடித் தொழிலாளியின் கைக்கு அவை எட்டா.

அப்படியானால், அவரிடம் இப்பொழுதுள்ள பழைய வண்டியை மாற்றியமைக்க முடியாதா? முடியும். இதில் மாயமந்திரம் ஒன்றுமில்லை. ஒரு பங்கு பெட்ரோல் சரியாக எரிவதற்கு 14.7 பங்கு காற்று வேண்டும். எரிசாராயத்துக்கு 9 பங்கே போதும். ஆகவே உள்ளே இழுக்கப்படும் அதே காற்றுக்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு எரிசாராயம் செல்லவேண்டும். கார்புரேட்டர் உள்ள வண்டியில் ஜெட்டின் துவாரத்தைப் பெரிதாக்குகிறார்கள். குறுக்களவை நாலில் ஒரு பங்கு கூட்டினாலே துவாரத்தின் பரப்பு ஒன்றரை மடங்காகிவிடும். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டரும் மின்னணுக் கட்டுப்பாடும் உள்ளபடியால், இன்ஜெக்டரையும் அதை ஆளும் கணக்கையும் மாற்றவேண்டும். இதைச் செய்யாமல் பெட்ரோல் ஜெட்டிலேயே எரிசாராயத்தை விட்டால் என்ன நேரும்? கலவை மெலிந்து எஞ்சின் திணறும்; சூடேறும்; பிளக்கின் முனை வெளுக்கும்; நாளடைவில் பிஸ்டனுக்கே ஆபத்து.

எரிசாராயத்துக்கு ஒரு சிறப்பும் உண்டு. சாதாரண பெட்ரோலின் ஆக்டேன் எண் 91. இதனுடையது சுமார் 108. ஆகையால் தட்டல் உண்டாகாமல் அதிக அழுத்தத்தைத் தாங்கும். 9 அல்லது 10 மடங்காக இருக்கும் அழுத்தத்தை 12 மடங்கு வரை உயர்த்தி, பொறி விழும் நேரத்தையும் சரி செய்தால், இழந்த மைலேஜில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். குளிர்ந்த எஞ்சின் எளிதில் கிளம்பாது என்பது பிரேஸில் தேசத்தில் கண்ட குறை. 2009-ல் ஹோண்டா அங்கே வெளியிட்ட, இரண்டு எரிபொருளும் ஏற்கும் 150 சி.சி. வண்டிக்கு, 15 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் டாங்கியில் கொஞ்சம் பெட்ரோல் வைத்திருக்கும்படி சொன்னார்கள். தாமிரபரணிக் கரையில் மார்கழி விடியற்காலையிலும் அத்தகைய குளிர் கிடையாது. ஆனால் வேறு கஷ்டங்கள் உண்டு. பழைய ரப்பர்க் குழாய்கள் ஊறிப் பெருக்கும். டாங்கியில் பல வருஷங்களாகப் படிந்த கசடு கரைந்து வந்து ஜெட்டை அடைக்கும். எரிசாராயம் காற்றிலுள்ள ஈரத்தை இழுப்பதால் உலோகப் பாகங்கள் அரிக்கும். குழாயையும் வாஷரையும் மாற்றாமல் ஜெட்டை மட்டும் மாற்றுவது அரைகுறை வைத்தியமே.

இங்கே நேயர்களை எச்சரிக்கவேண்டியது நமது கடமை. எங்கேனும் மறைவாகக் கிடைக்கும் ஸ்பிரிட்டை வாங்கிப் பரீட்சை செய்து பார்க்கலாம் என்று ஆசைப்படும் இளைஞர்கள் உண்டு. லைசென்ஸ் இல்லாமல் அதை வைத்திருப்பது நமது ராஜ்யத்தில் குற்றம். அதற்கும் மேலாக, மெத்தனால் என்னும் விஷச் சாராயத்தைக் கண்ணாலும் மூக்காலும் எரிசாராயத்திலிருந்து பிரித்தறிவது அரிது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கு மேற்பட்ட உயிர்களை வாங்கியது அந்த மெத்தனாலே. பட்டறையில் வைத்த புட்டி வேறொருவன் கைக்குப் போகாது என்று யார் உத்தரவாதம் சொல்ல முடியும்?

இனி, கணக்குக்கு வருவோம். ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ள சக்தியில் மூன்றில் இரண்டு பங்குதான் ஒரு லிட்டர் எரிசாராயத்தில் உள்ளது. லிட்டருக்கு 60 கிலோமீட்டர் ஓடிய வண்டி சுமார் 40 ஓடும். எஞ்சினை நன்றாக மாற்றியமைத்தால் 45 ஓடலாம். பிரேஸில்காரர்கள் இதற்கென ஒரு வாய்ப்பாடு வைத்திருக்கிறார்கள். எரிசாராயத்தின் விலை பெட்ரோல் விலையில் 100-க்கு 70-க்குக் கீழே இருந்தால் அதை வாங்கு. மேலே போனால் பெட்ரோலை வாங்கு. 20 பங்கு கலந்த எண்ணெயிலும், அதற்கென்று அமையாத இரு சக்கர வண்டிகளில் மைலேஜ் 100-க்கு 3, 4 பங்கு குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021-ம் வருஷத்து அறிக்கையே ஒப்புக்கொள்ளுகிறது. அந்த நஷ்டத்தைச் சுமப்பவர் யார்? அந்நியச் செலாவணி மிச்சமாவது தேசத்துக்கு. லிட்டர் கணக்கில் நஷ்டமாவது பழைய வண்டிக்காரருக்கு என்றால், அதைச் சுதேசியம் என்று எப்படிச் சொல்வது? கலப்பற்ற பெட்ரோலையும் விற்கவேண்டும் என்ற விண்ணப்பத்தை 2025 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டு தள்ளிவிட்டது. கோர்ட்டு வழி அடைபட்டபின், பொது ஜன அபிப்பிராயமே மிஞ்சிய வழி.

எரிசாராயம் எதிலிருந்து வருகிறது என்பதும் முக்கியம். கரும்பிலிருந்து ஒரு லிட்டர் எடுக்க சுமார் 2,860 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று அதே அறிக்கை சொல்லுகிறது. பாளையங்கால்வாயில் எப்பொழுது தண்ணீர் வரும் என்று பார்த்திருந்து நெல்லும் வாழையும் பயிரிடும் நமது விவசாயிக்கு இந்த எண்ணின் பொருள் உடனே விளங்கும். அரிசியிலிருந்தும் எடுக்கிறார்கள். உணவுக் கார்ப்பொரேஷன் இதற்காகக் கொடுத்துவந்த அரிசியை 2023-ல் நிறுத்தி, 2024-ல் மறுபடியும் அனுமதித்தார்கள். வயிற்றுக்கும் டாங்கிக்கும் போட்டி உண்டு என்பதற்கு இதைவிட ருசு வேண்டியதில்லை. பானிப்பட்டில் 2022 முதல் வைக்கோலிலிருந்து எடுக்கும் ஆலை ஒன்று உள்ளது. பஞ்சாப், ஹரியானாப் பக்கத்தில் வயலிலேயே கொளுத்தும் வைக்கோலுக்கு அது நல்ல வழி. மாட்டுச் சந்தை நடக்கும் நமது ஜில்லாவிலோ வைக்கோல் மாட்டின் உணவு. ஆகவே வடக்கே பொருந்தும் திட்டத்தை அப்படியே பெயர்த்து இங்கே நடுவதில் பயனில்லை. முதலில் சர்க்கரை ஆலைகளின் கழிவுப் பாகையும், மனிதர் உண்ணத் தகாத தானியத்தையும் பயன்படுத்தட்டும்.

எரிசாராயத்தை நாம் ஆட்சேபிக்கவில்லை. அந்நிய எண்ணெயின் பிடியிலிருந்து தேசம் விடுபடவேண்டும் என்பதில் நமக்கு இரண்டு அபிப்பிராயம் இல்லை. நமது கோரிக்கைகள் மூன்று. முதலாவது, எரிபொருளை லிட்டருக்கு இன்ன விலை என்று மட்டும் விற்காமல், அது தரும் சக்திக்கு ஏற்ற விலைக்கு விற்கவேண்டும். 100-க்கு எத்தனை பங்கு எரிசாராயம் என்று ஒவ்வொரு பங்க்கிலும் தமிழில் எழுதிவைக்கவேண்டும். இரண்டாவது, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, அங்கீகாரம் பெற்ற உபகரணத்தைக் கொண்டு எஞ்சினை வேறு எரிபொருளுக்கு மாற்ற இடம் கொடுக்கிறது. 100, 125 சி.சி. வண்டிகளுக்குச் சகாயமான விலையில் அத்தகைய உபகரணம் கிடைக்கும்படி செய்து, பேட்டை அரசினர் தொழிற்பயிற்சி நிலையம் போன்ற இடங்களில் நமது மெக்கானிக்குகளுக்குப் பயிற்சியும் சான்றும் அளிக்கவேண்டும். மூன்றாவது, தொழிற்சாலை எரிசாராயத்தின் மீது ராஜ்யங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2024 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட பெஞ்சு தீர்ப்பளித்திருப்பதால், ராஜ்ய சர்க்கார் பழியை டில்லியின் மேல் போட்டுவிட்டு இருக்க முடியாது. எந்தத் தண்ணீர், எந்தத் தானியம் என்பதை அது சட்டசபையில் சொல்லவேண்டும்.

ஊழியர்கள் இதைக் கட்சி விவகாரமாக்காமல், சந்தையிலும் பட்டறையிலும் ஜனங்களுக்கு எடுத்துச் சொல்லட்டும். ஜெட்டை மாற்ற மேலப்பாளையம் மெக்கானிக்குக்குத் தெரியும். விலையையும் விதியையும் மாற்றவேண்டியவர்கள் சர்க்கார்கள். அவர் தம் பங்கைச் செய்யத் தயார்; அவர்கள் தயாரா?